அடி இல்லாத கடல்: வெடித்த ஒரு தைலவண்ணப் படமும் அதை மறுபடி வரைந்த கதையும்

2022 மார்கழி நடுப்பகுதி. மழை விட்டிருந்த ஒரு காலையில் என்னுடைய பழைய மாணவி ஒருத்தி கைபேசியில் போட்டோ ஒன்று அனுப்பியிருந்தாள். இரணைமாதாநகரில் அவள் புகுந்த வீட்டு விறாந்தைச் சுவரில் தொங்குகிற படம். பதினொரு மாதத்துக்கு முன்னர் நான் வரைந்து கொடுத்தது. போட்டோவுக்குக் கீழே குரல்பதிவு: "ரீச்சர், படம் வெடிக்குது. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு மாமா சொன்னவர். எண்டாலும் சொல்லாமல் இருக்க மனம் கேக்கேல்ல."

அன்று பின்னேரமே கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டுப் போனேன். அந்தப் படத்துக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, இரண்டாவது படத்தை எப்படிச் செய்தேன் என்பதை முழுவதுமாக எழுதிவைக்கிறேன். எங்கள் பகுதியில் தைலவண்ணத்தில் வேலை செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்களும் குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்தே பழகுகிறார்கள். வன்னியின் மாரியும், தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றும் அந்த வீடியோக்களில் இல்லை.

முதல் படம்

2021 ஐப்பசியில்தான் கேட்டார்கள். தையில் குடிபூரல். வீட்டுக்காரரின் தகப்பனார் இரணைதீவில் பிறந்து வளர்ந்தவர். 1992இல் தீவுச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து இந்தக் கரையில் இறங்கியபோது அவரும் குடும்பத்தோடு வந்து இறங்கினார். 2018 சித்திரை 23ஆம் திகதி சனம் படகுகளில் திரும்பப் போய்த் தீவில் இறங்கியபோது அவரும் ஒரு படகில் இருந்தார். இப்போது வயது போய்விட்டது, கடலுக்குப் போவதில்லை. "அப்பு காலமை எழும்பினா துறையைத்தான் பாக்கிறவர். சுவரிலயும் துறை இருக்கட்டும்" என்று அந்த வீட்டு மருமகளான என் மாணவி சொன்னாள். எனக்கும் ஆசையாக இருந்தது. பதினொரு வாரம் போதுமென்று நினைத்தேன். போதாது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடையில் வாங்கிய, அக்ரிலிக் ஜெசோ என்கிற வெள்ளைத் தரைப்பூச்சு பூசிய பருத்திக் கான்வஸ். இரண்டடிக்கு மூன்றடி. இறங்குதுறைக்கு ஒரே ஒருநாள் போய்க் கைபேசியில் படம் எடுத்தேன், மிச்சம் வீட்டில். மாரி தொடங்கியிருந்தது. காற்றில் ஈரம், வண்ணம் காயவே மறுத்தது. படகுகளின் கீழ்ப்புறத்தையும் துறையின் கால்களுக்கிடையே உள்ள இருட்டையும் ஐவரி பிளாக் என்கிற கறுப்பு, அல்ட்ராமரின் நீலம் இரண்டையும் கலந்து தடிப்பாகப் போட்டேன். பளபளப்பாக வரட்டுமென்று லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தாராளமாகச் சேர்த்தேன். அந்த எண்ணெய் ஓவியக் கடையில் வாங்கியதில்லை. கதவு யன்னலுக்குப் பூசுகிற, "கொதிக்கவைத்த" லின்சீட் என்று ஹாட்வெயார் கடையில் விற்பது. ஒரு கிழமையில் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. காய்ந்துவிட்டது என்று நம்பி, அதன்மேல் டர்பன்டைனில் தண்ணியாய்க் கரைத்த வெள்ளையும் அம்பர் என்கிற மண்ணிறமும் போட்டு அலையையும் கயிற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவந்தேன். ஒருநாள் இரவு ஈசல் கிளம்பி, படத்தின் வானத்தில் இருபதுக்கு மேல் ஒட்டிக்கொண்டது. அவற்றை ஊசியால் எடுத்த தடங்கள் கடைசிவரை இருந்தன.

குடிபூரலுக்கு எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். அப்பு மட்டும் கிட்ட வந்து நின்று கனநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"வடிவாத்தான் கீறியிருக்கிறீர் பிள்ளை. ஆனா இது எங்கட கடல் இல்லை. இதுக்கு அடி இல்லையே."

அன்று அதை வயதான ஒருவரின் ரசனைக் குறையாக எடுத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்குப் பிறகுதான், வெடிப்பைப் பற்றியும் கடலைப் பற்றியும் அவர் ஒரே வசனத்தில் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது.

வெடிப்பை வாசித்தது

படத்தைக் கழற்றி மேசையில் வைத்து, கைலாம்பைப் பக்கவாட்டில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். முதலில் தெளிவுபடுத்த வேண்டியது, இது எந்த வகை வெடிப்பு என்பது.

தைலவண்ணப் படத்தில் வெடிப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒன்று வயதால் வருவது. காய்ந்து இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்த வண்ணம், துணியோ பலகையோ ஈரத்துக்கு விரிந்து சுருங்கும்போது ஈடுகொடுக்க மாட்டாமல் உடையும். அந்தக் கோடுகள் மெல்லியவை, விளிம்பு கூரானது, எல்லா அடுக்குகளையும் ஊடுருவித் தரைப்பூச்சு வரை போகும். மற்றது காயும்போதே வருவது. அது அகலமானது, விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும், இடைவெளிக்குள் கீழ் அடுக்கின் நிறம் தெரியும். மேல் அடுக்கு மட்டுமே பிளந்திருக்கும்.

எங்கள் ஊரில் இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆவணியில் வற்றிய குளத்துக்குள் இறங்கி நின்றவர்களுக்குத் தெரியும். மேற்சேறு வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, கீழ்ச்சேறு இன்னும் ஈரமாக வழுக்குகிறது. சுருங்குகிற மேல்தோலைப் பிடித்துவைக்கக் கீழே உறுதி இல்லை. அதனால் அது துண்டு துண்டாகப் பிளந்து விலகுகிறது. என் படத்தில் இருந்ததும் அதே வடிவம்தான்.

வெடிப்பு எங்கே இருந்தது, எங்கே இருக்கவில்லை என்பதே பெரிய சாட்சி. படகுகளின் அடிப்புறம், துறையின் கீழ் நிழல், வலது மூலையின் ஆழ்நீர் மூன்றிலும் இருந்தது. வானத்தில் இல்லை. கரை மணலில் இல்லை. அம்பரைத் தனியே மெல்லிதாகப் போட்ட தடிக்கம்பங்களிலும் இல்லை. வீட்டுச் சுவர் புதிதாகச் சாந்து பூசியது, அந்த ஈரம்தான் காரணமோ என்று மருமகள் கேட்டாள். கடற்காற்றின் உப்போ என்று அவள் கணவன் கேட்டான். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் ஈரமோ உப்போ முதன்மைக் காரணமாக இருந்தால் கான்வஸ் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும், கறுப்பு இருந்த இடங்களை மட்டும் தேடிப் பிடித்திருக்காது.

கடைசிச் சோதனையாக, சட்டத்துக்குள் மறைகிற விளிம்பில் ஒரு வெடிப்புக்குள் நகத்தை மெதுவாக அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. வைட் ஸ்பிரிட் என்கிற கரைப்பான் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒற்றினேன். கறுப்பு எழும்பி வந்தது. பதினொரு மாதமாகியும் உள்ளே பச்சையாகவே இருந்திருக்கிறது.

ஏன் காயவில்லை

தண்ணீர் வண்ணம் காய்வது தண்ணீர் ஆவியாகப் போவதால். தைலவண்ணம் அப்படிக் காய்வதில்லை. டர்பன்டைன் ஆவியாகிவிடும், ஆனால் லின்சீட் எங்கேயும் போகாது. அது காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து தோலாக மாறுகிறது. காய்கிற காலத்தில் அதன் எடை குறைவதற்குப் பதிலாகக் கொஞ்சம் கூடுவதே இதற்கு அத்தாட்சி. ஒட்சிசன் மேலிருந்துதான் நுழைகிறது, அதனால் மேற்பரப்பு முதலில் தோல் கட்டும். தடிப்பாகப் போட்டால் அந்தத் தோலே உள்ளே இருப்பதற்குக் காற்று போகவிடாமல் மூடியாகிவிடும்.

நிறத்துக்கு நிறம் வேகமும் வேறு. அம்பரில் இயற்கையாகவே மங்கனீசு இருக்கிறது, அது காய்தலைத் தூண்டும். ஓரிரண்டு நாளில் இறுகிவிடும். ஐவரி பிளாக் எண்ணெயை நிறையக் குடிக்கிற, மிக மெதுவாகக் காய்கிற நிறம். அதைத் தடிப்பாக, மேலதிக எண்ணெயோடு கீழே போட்டு, அதன்மேல் மெலிந்த, கெதியில் காய்கிற அம்பரைப் போட்டிருக்கிறேன். செய்யக்கூடாத வரிசை எதுவோ அதையே செய்திருக்கிறேன். ஹாட்வெயார் எண்ணெய் அதைக் கூட்டிவிட்டது. கொதிக்கவைத்த லின்சீட் என்று விற்பதில் உலர்த்தி உலோக உப்புகள் கலந்திருக்கும். மரக்கதவில் ஒரு மெல்லிய பூச்சுக்கு அது நல்லது. படத்தில் தடிப்பாக விழுந்தால் மேல்தோலை அவசரமாகக் கட்டி, சுருக்கம் விழவைத்து, காலப்போக்கில் மஞ்சளாக்கும்.

இந்தப் பிழையில் நான் முதல் ஆள் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய உருவப்பட ஓவியர் ஜோசுவா ரெனால்ட்ஸ் மெழுகும் பிசினும் தாரும் கலந்து பரிசோதனை செய்த படங்கள், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே வெடிக்கவும் வெளிறவும் தொடங்கின.

வானத்திலும் ஒரு குறை இருந்தது. வெடிக்கவில்லை, ஆனால் இடத்துக்கிடம் மினுக்கம் செத்துச் சாம்பல் படிந்ததுபோல் கிடந்தது. எண்ணெயைத் தரைப்பூச்சு உறிஞ்சிக்கொண்ட இடங்கள் அவை. வெள்ளைக் குழாயைத் திருப்பிப் பார்த்தேன். முகப்பில் டைட்டேனியம் என்று போட்டிருந்தது. பின்புறம் சிறிய எழுத்தில் பி.டபிள்யூ. 6, பி.டபிள்யூ. 4 என்று இரண்டு குறியீடு. முதலாவது டைட்டேனியம், இரண்டாவது துத்தநாக வெள்ளை. துத்தநாகம் எண்ணெயோடு வினைபுரிந்து காலப்போக்கில் படலத்தை நொறுங்கவைக்கும். குழாயின் பெயரை விடப் பின்னால் உள்ள குறியீட்டை வாசிக்கப் பழகவேண்டும். என் மாணவர்களுக்கு இப்போது தூரிகை பிடிப்பதற்கு முன்னமே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தப் படத்தைத் திருத்த முயலவில்லை. உள்ளே ஈரமாக இருக்கும் அடுக்கின்மேல் எதைப் பூசினாலும் அதுவும் விலகும். வீட்டாரிடம் இன்னொன்று வரைகிறேன் என்றேன். இந்தமுறை நாள் குறிக்க வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டேன்.

துறையில் ஏழு காலை

2023 மாசி. மாரி முடிந்து, சோளகம் எழும்பாத இடைக்காலம். கடல் தட்டையாய்க் கிடக்கும், காற்றில் தூசி இல்லை, ஈரமும் குறைவு. வன்னியில் தைலவண்ணம் தொடங்குவதற்கு இதைவிட நல்ல மாதம் எனக்குத் தெரியாது.

ஏழு நாள் விடிய இறங்குதுறைக்குப் போனேன். இது மேற்குக் கரை. எல்லாரும் பின்னேரம் போய் அஸ்தமனத்தைக் கீறுவார்கள். படகெல்லாம் கறுத்த நிழலாய், வானம் செம்மஞ்சளாய், கலண்டரில் வருகிற மாதிரி. காலையில் சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் பனைகளுக்கு மேலால் வந்து, கரைக்குத் திரும்புகிற படகுகளின் முகத்தில் நேரே விழும். நீல, செம்மஞ்சள், வெள்ளைப் பூச்சுகள் எரியும். நண்டு வலை கழற்றும் பெண்களின் கைகள் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் தண்ணீருக்குள்ளும் பார்க்கலாம்.

ஜெசோ பூசிய மட்டையில், உள்ளங்கை இரண்டின் அளவில், நாளுக்கு ஒரு வண்ணக் குறிப்பு. நாற்பது நிமிடத்துக்கு மேல் போகவில்லை. வெளிச்சம் அதற்குள் மாறிவிடும். மூன்றாம் நாள் அப்பு கைத்தடியோடு வந்து பக்கத்தில் குந்தினார். நான் தண்ணீருக்கு நீலமும் பச்சையும் கலந்துகொண்டிருந்தேன்.

"தண்ணியை என்னத்துக்குப் பாக்கிறீர்? தண்ணிக்கு நிறமில்லை. அந்தா, அதில வெளிச்சமாக் கிடக்கே, அது மணல். இங்கால கறுப்பு, சாதாளை. அங்கால மண்ணிறம், சேறு. நாங்கள் தரையைப் பாத்துத்தான் ஓடுறது."

பாக்குநீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லை. வண்டலும், அப்பு சாதாளை என்று சொன்ன கடற்புல்லும் நிறைந்த தரை. கரையோரத்தில் கண்ணுக்குத் தெரிகிற நிறத்தில் பெரும்பங்கு அந்தத் தரையினுடையது. நான் முதல் படத்தில் போட்ட நீலம், நான் பார்க்காத வேறு ஏதோ ஒரு கடலின் நீலம்.

அவர் சொன்னதைத் துறையின் நுனியில் நின்று சோதித்தேன். காலடியில் நேர் கீழே பார்த்தால் தரை தெரிகிறது, வானம் ஏறக்குறைய இல்லை. தலையை நிமிர்த்த நிமிர்த்தத் தரை மங்கி, வானத்தின் பிரதிபலிப்பு ஏறுகிறது. தூரத்தில் தண்ணீர் வெறும் வானம். இது பௌதிகம்: செங்குத்தாக விழும் வெளிச்சத்தில் தண்ணீர் திருப்பி அனுப்புவது ஏறக்குறைய 2 சதவீதம்தான், சாய்வு கூடக் கூட அது உயர்ந்து, மேற்பரப்பை உரசிக்கொண்டு போகும் கோணத்தில் கண்ணாடிபோல முழுவதையும் திருப்பிவிடும். ஆகவே என் படத்தில் கீழ்ப்பாதித் தண்ணீருக்கு அடி வேண்டும், மேற்பகுதிக்கு வானம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே கலவையை அகப்பையால் ஊற்றினமாதிரிப் பூசினால் கடல் சீமெந்துத் தரையாகிவிடும்.

அங்கேதான் அடுக்குமுறை தேவைப்படுகிறது. துறைமுகத்தை ஒரே அமர்வில் ஈரத்தின்மேல் ஈரமாய் வரைய முடியாதென்றில்லை. 1872இல் கிளாட் மொனே லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலை அப்படி விரைந்து தீட்டிய படத்தின் பெயரிலிருந்துதான் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்துக்கே பெயர் வந்தது. அது பனிமூட்டத் துறைமுகம், எல்லாம் மேற்பரப்பில் நடக்கிறது. அதற்கு அந்த முறை சரி. எனக்கு வேண்டியது தண்ணீருக்குள்ளே பார்க்கிற காட்சி. இலங்கையில் 43 குழு என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்த ஐவன் பீரிஸ் இங்கிலாந்தில் இருந்துகொண்டு வாழ்நாளெல்லாம் தன் ஊர்க் கடற்கரையையே திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு கரையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு அவர் எனக்குப் பெரிய தைரியம்.

பலகையும் தரையும்

கான்வஸை விட்டுவிட்டு 9 மில்லிமீற்றர் பிளைவுட் எடுத்தேன். மாரிக்கும் கோடைக்கும் துணியைப்போல் தளர்ந்து இழுபடாது. பிளைவுட்டின் மேல்தோல் தானே கீறு விடக்கூடியது, அதனால் பருத்தித் துணியை ஒட்டி, மேலே அக்ரிலிக் ஜெசோ மூன்று தரம் பூசி, ஒவ்வொன்றுக்கும் பிறகு மெல்லிய மணற்தாளால் தேய்த்தேன். பின்புறமும் விளிம்புகளும் இரண்டு பூச்சு. ஈரத்துக்காகவும் கறையானுக்காகவும்.

வெள்ளைத் தரையில் தொடங்கவில்லை. பேர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்துத் துணியால் தேய்த்து, கிரவல் றோட்டின் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். கடலின் பச்சைக்குக் கீழே இந்தச் சிவப்பு இருந்தால் பச்சை துடிக்கும். அங்கங்கே மூடாமல் விட்ட புள்ளிகளில் காலை வெயிலின் சூடும் கிடைக்கும்.

கீறலில் ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். தொடுவானம் என் கண்மட்டம். துறையின்மேல் நான் நின்ற அதே மட்டத்தில் நிற்கும் என் உயர மனிதர்கள் கிட்ட நின்றாலும் தூர நின்றாலும் தலை தொடுவானத்தைத் தொடும். இதை மறந்தால் ஆட்கள் பறப்பார்கள் அல்லது புதைவார்கள். படகை நீட்டி இழுத்த எட்டு இலக்கம்போலக் கீறிப் பழகினால் அணியத்தின், அதாவது படகின் முன்பக்கத்தின், வளைவு தானாக வரும். பிரதிபலிப்பு என்பது படகைத் தலைகீழாய் ஒட்டுவதில்லை. தண்ணீர் கீழிருந்து பார்க்கிறது. நமக்குத் தெரியாத அடிப்புறத்தை அது காட்டும்.

அடுக்குகள்

முதல் அடுக்கு, றோ அம்பரும் டைட்டேனியம் வெள்ளையும் மட்டும். எண்ணெய் சேர்க்கவில்லை, டர்பன்டைனில் மெலித்தது. நிறமில்லை, வெளிச்சமும் நிழலும்தான். கறுப்புக் குழாயை இந்தப் படத்தில் திறக்கவே இல்லை; இருட்டெல்லாம் அம்பரும் அல்ட்ராமரினும் சேர்த்துச் செய்தது. நாலு நாளில் கல்லாய் இறுகிவிட்டது.

இரண்டாவது அடுக்கில் கடலுக்குத் தண்ணீர் போடவில்லை, தரையைப் போட்டேன். பங்குனி முழுவதும் இதில் போனது. காவிமஞ்சளும் வெள்ளையும் மணலுக்கு, அம்பரும் கொஞ்சம் விரிடியன் பச்சையும் சாதாளைக்கு, அவற்றின் நடுவே சேறு. சிறகுவலைத் தடிகள் தண்ணீருக்குள் இறங்கி மண்ணில் குத்தி நிற்கும் இடம்வரை வரைந்தேன். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்த்த எல்லாரும் கேட்டார்கள், கடல் வற்றிப்போச்சா என்று. உண்மையில் அப்படித்தான் இருந்தது: படகுகள் வற்றிய தரையில் மிதந்துகொண்டிருந்தன. குழாய் வண்ணம் அப்படியே, எண்ணெய் கூட்டாமல். பதினாலு நாள் காயவிட்டேன். நடுவில் வானத்தையும் தூரக்கடலையும் துறையையும் ஒளி ஊடுருவாத மூடுவண்ணமாய் முடித்தேன். வானம் கோபால்ட் நீலம், வெள்ளை, துளி காவி; தொடுவானத்துக்குக் கிட்ட வரவர நீலம் குறைந்து வெள்ளை சூடாகும்.

பிறகு தண்ணீர். இதைத்தான் முதல்முறை நான் விளங்கிக்கொள்ளவில்லை.

பால் விடாத பிளேன்ரீயைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிப் பாருங்கள். விளிம்பில் தேன் நிறம், நடுவில் செம்மண்ணிறம், அடியில் கறுப்பு. ஒரே தேத்தண்ணிதான், ஆழம் மட்டும் வேறு. தட்டில் மூன்று நிறம் கலந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் தெளிவு வராது. ஒளி ஒரு நிறப் படலத்துக்குள் புகுந்து, அடியில் பட்டு, அதே படலத்தினூடாகத் திரும்பி வரவேண்டும். தைலவண்ணத்தில் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு செய்வது இதைத்தான். அதற்கு ஒளி ஊடுருவும் நிறங்கள் வேண்டும். விரிடியனும், றோ சியன்னா என்கிற மஞ்சள் மண்ணிறமும் எடுத்தேன். டைட்டேனியம் வெள்ளை ஒரு துளி விழுந்தாலும் பால் கலந்த தேத்தண்ணியாகிவிடும், அடி மறைந்துவிடும்.

கலவைக்கு ஒரு பங்கு ஸ்டாண்ட் ஒயில், இரண்டு பங்கு டர்பன்டைன். ஸ்டாண்ட் ஒயில் என்பது காற்றில்லாமல் சூடாக்கித் தேன்போலத் தடித்த லின்சீட். தூரிகைத் தடத்தை விடாமல் தானே சமமாய்ப் படரும், சாதாரண லின்சீட்டை விட மஞ்சளாவதும் குறைவு. கீழ் அடுக்குகளில் எண்ணெய் குறைவு, இங்கே கூட. மெலிந்ததன்மேல் கொழுத்தது என்ற பழைய விதி இதுதான்: மேலே வருவது கீழே இருப்பதைவிட நெகிழ்வாக, மெதுவாகக் காய்வதாக இருக்கவேண்டும்.

பூச்சு ஒன்று: கீழ்ப்பாதி முழுவதும் மிக மெல்லிதாய்ப் போட்டு, உள்ளங்கையால் ஒற்றி, கரையோரத்தில் துணியால் துடைத்து எடுத்தேன். அந்த நிமிடத்தில் கடலுக்குத் தண்ணீர் வந்தது. இத்தனை வருடம் வரைந்தும் எனக்கு அப்படியொரு சந்தோசம் வந்ததில்லை. மணல் மணலாகவே இருந்தது, ஆனால் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. இரண்டாவது பூச்சு ஆழப்பக்கம் மட்டும், பதினாறு நாளுக்குப் பிறகு. மூன்றாவதில் பிழைத்துவிட்டேன். வலதுபுறம் விரிடியன் கூடி, மருந்துப் போத்தல் பச்சை வந்தது. ஈரமாக இருக்கும்போதே டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தேன். கீழ் அடுக்கு உண்மையாய்க் காய்ந்திருந்ததால் ஒரு துளி நிறம்கூடக் கீழிருந்து வரவில்லை. அடுத்தநாள் சியன்னாவைக் கூட்டி மறுபடி போட்டேன்.

அதற்குள் வைகாசி பிறந்து சோளகம் தொடங்கிவிட்டது. கிரவல் றோட்டுத் தூசி விறாந்தைவரை வரும். நாலு தடி நட்டு நுளம்புவலை கட்டி, அதற்குள் பலகையைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்த்து வைத்தேன். இருட்டறையில் வைக்கவில்லை, லின்சீட் இருட்டில் காய்ந்தால் மஞ்சளாகும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் கட்டாயம் சொல்லவேண்டும். லின்சீட் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது ஒட்சிசனை எடுக்கும்போது சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே தீப்பற்றும். எங்கள் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நான் மூடியுள்ள தகரப்பேணியில் தண்ணீர் விட்டு அதற்குள் போடுகிறேன்.

ஆனியில் கடைசி அடுக்கு. தூரக்கடலின்மேல் காய்ந்த தூரிகையால் வானத்தின் வெள்ளையை உரசி, இடைவெளிகளில் பச்சை தெரிய விட்டேன். வலைக்குவியலையும் கயிறுகளையும் கத்தியால் தடிப்பாய் எழுப்பினேன். ஈர அணியத்தில் வெயில் தெறிக்கும் வெள்ளைகள் மொத்தம் பதினொன்று. எண்ணித்தான் போட்டேன். பன்னிரண்டாவது விழுந்தால் மற்றவை மங்கிவிடும்.

ஒரு மாரிக்குப் பிறகு

தடிப்பான இடங்கள் உள்வரை காய்வதற்காக வார்னிஷ் பூசாமல், ஒரு மாரியை முழுதாய்க் கடக்கவிட்டேன். மழைக்காலத்தில் வார்னிஷ் பூசினால் ஈரம் பிடித்துப் பால்போல வெளிறும் என்பதும் ஒரு காரணம். 2024 தையில் அதே பூதக்கண்ணாடி, அதே பக்கவாட்டு வெளிச்சம். வெடிப்பு எங்கேயும் இல்லை. துறையின் கீழ் நிழலில் நகம் பதியவில்லை. பஞ்சுக் குச்சி வெள்ளையாகவே வந்தது. இரண்டு இடத்தில் மினுக்கம் செத்திருந்தது. லின்சீட்டும் டர்பன்டைனும் கலந்து மிக மெல்லிதாய்த் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்ததும் நிறம் எழும்பியது.

மாசியில் வார்னிஷ் போத்தலையும் எடுத்துக்கொண்டு படத்தோடு இரணைமாதாநகருக்குப் போனேன். பூசுவதற்கு முன் அப்பு ஒருமுறை பார்க்கட்டும் என்று விறாந்தைத் திண்ணையில் சாய்த்துவைத்தேன். அவர் கதிரையை இழுத்துக் கிட்டப்போட்டு இருந்தார். மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போனது. கடைசியில் கைத்தடி நுனியால், படத்தில் முட்டாமல், இடதுபக்க நீலப் படகைக் காட்டினார்.

"இந்தப் படகு நிக்காது பிள்ளை."

ஏன் என்று கேட்டேன்.

"நங்கூரத்தைச் சாதாளைக்குள்ள போட்டிருக்கிறீர். அதில பிடிக்காது, இழுபட்டுப் போகும். இங்கால மணல் கிடக்கு, இதில போடும்."

அவர் சொன்னது சரி. கயிறு இறங்கும் இடத்தில், மூன்று பூச்சுத் தண்ணீருக்குக் கீழே, ஒரு வருடத்துக்கு முன்னர் நான் போட்ட கடற்புல் கறுப்பாய்த் தெரிந்தது. வார்னிஷ் போத்தலைத் திறக்காமலே திரும்பினேன். பழைய கயிற்றைக் கத்தி நுனியால் சுரண்டி, அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து, புதிய கயிறு இப்போது மணலில் இறங்குகிறது. ஸ்டாண்ட் ஒயில் கூட்டிய கலவை என்பதால் காய நாள் எடுக்கும். படம் நுளம்புவலைக்குள் நிற்கிறது. வார்னிஷ் அடுத்த மாசிக்குத்தான்.